13 நாள், கமினோ: எங்கிருந்து நடக்க ஆரம்பிக்கலாம்?

பொடிநடை

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில நானும் அம்மாவும் ஸ்பெயினுக்கு கமினோ நடக்கப் போறோம், அதாவது சாந்தியாகோ நகரத்துல இருக்கிற புனித யாக்கோபு கோயிலுக்கு நடந்தே போற யாத்திரை. டிக்கெட் போட்டாச்சு, இனி மாத்த முடியாது. சனிக்கிழமை காலையில மாட்ரித்ல இறங்குறோம், அடுத்தடுத்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி அங்கிருந்தே கிளம்பணும். ஆக மொத்தம் 13 நாள்.

எனக்கு பிரான்ஸ்ல இருக்கிற சேன்-ஜான்-பியே-த-போர்லருந்து பிரனீஸ் மலையைத் தாண்டணும்னு பல வருஷ ஆசை. ஆனா அங்கிருந்து சாந்தியாகோ கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர், 13 நாள்ல நடக்கவே முடியாது. லியோன்லருந்து போகலாமா, சாரியாவா, இல்ல போர்ச்சுகல் பக்கம் போர்த்தோவான்னு தினமும் மனசு மாறுது. அம்மாவுக்கு 64 வயசு. தினம் காலையில நல்லா நடப்பாங்க, ஆனா இறக்கத்துல முட்டி பிடிச்சுக்கும். எங்கிருந்து ஆரம்பிச்சா சரியா இருக்கும்?

கணக்குப்பிள்ளை

வாங்க. ஊரை விடுங்க, முதல்ல நாளை எண்ணிடலாம். 13 நாள்னு சொல்றீங்க, ஆனா நடக்கிறதுக்கு 13 கிடையாது. இறங்குற சனிக்கிழமை ஆரம்ப ஊருக்குப் போய்ச் சேரவே சரியா இருக்கும். கடைசி வியாழன் சாந்தியாகோலருந்து மாட்ரித்துக்கு ரயில். மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், ராத்திரி விமானத்துக்கு அது போதும். புதன்கிழமையைக் கையிருப்பா வச்சுக்கணும். மழை, கால் கொப்புளம், வயிறு எதுவா இருந்தாலும் அந்த ஒரு நாள்தான் காப்பாத்தும். எதுவும் ஆகலைன்னா சாந்தியாகோவைச் சுத்திப் பாருங்க.

ஞாயிறுலருந்து அடுத்த வாரம் செவ்வாய் வரைக்கும் 10 நாள் மிஞ்சுது. லியோன்லருந்து சுமார் 310 கிலோமீட்டர், நாளுக்கு 31. அம்மாவோட முடியாது, நீங்க தனியா போனாலும் சந்தேகம்தான். அஸ்தோர்கா சுமார் 260. பொன்ஃபெராதா 205. சாரியா 115. உங்க விடை அஸ்தோர்காவுக்கும் சாரியாவுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு.

மலைப்பாதை

கணக்கு சரி, கேள்விதான் தப்பு. பிரனீஸ் ஆசைன்னு அவங்களே சொல்றாங்க. அப்போ சேன்-ஜான்ல ஆரம்பிச்சு 10 நாள் நடந்து எங்க முடியுதோ அங்க நிறுத்துங்க. லோக்ரோன்யோவுக்கு 165 கிலோமீட்டர் போல வரும், நிதானமாவே போயிடலாம். மீதியை அடுத்த தடவை அங்கிருந்தே தொடருங்க. ஐரோப்பாவுல இருக்கிறவங்க நிறைய பேர் இப்படித் துண்டு துண்டாத்தான் முடிக்கிறாங்க.

சாரியா பக்கம் மட்டும் போகாதீங்க. சான்றிதழுக்காக 100 கிலோமீட்டர் நடக்கிற கூட்டம் மொத்தமும் அங்கதான். முதுகுல சின்னப் பை, கையில செல்ஃபி ஸ்டிக், பின்னாடி சுற்றுலா பஸ். அது யாத்திரை இல்லை.

பரிஸ்_பொடியன்

மலைப்பாதை அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. சேன்-ஜான் ஆரம்பம் எண்டு ஆர் முடிவு செய்தது? 12ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில, கோடெக்ஸ் கலிக்ஸ்தீனுஸில, பிரான்சில இருந்து நாலு பாதை சொல்லிக் கிடக்கு. தூர், வெசெலே, ல புய், ஆர்ல். நாலும் ஸ்பெயினில புவெந்தே ல ரெய்னாவில ஒண்டாச் சேரும். அந்தக் காலத்துச் சனம் தங்கட வீட்டு வாசல்ல இருந்துதான் நடந்தது. நான் ல புய்யில இருந்து வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறன். அங்க இருந்து சேன்-ஜானுக்கே 750 கிலோமீட்டர் வரும். என்ர கணக்கில உங்கட சேன்-ஜான் பாதி வழி. அப்ப நீங்களும் பாதியிலதானே ஏறினனீங்கள்?

மலைப்பாதை

:) பரிஸ் தம்பி, அடி சரியான இடத்துல விழுந்துடுச்சு. ஆனாலும் சாரியாவைப் பத்தி நான் சொன்னதுல மாத்தமில்லை.

சுமைதாங்கி

ஆளாளுக்கு வரைபடம் விரிக்கிறீங்க. அம்மா என்ன சொல்றாங்கன்னு யாராவது கேட்டீங்களா?

பொடிநடை, உங்களுக்கு மலை தாண்டணும். அம்மாவுக்கு? இது ரெண்டு பேர் போற வழி. போய்ச் சேர்றது முக்கியமா, நடக்கிறது முக்கியமான்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. அது தெரிஞ்சா பாதி ஊர் தானா அடிபட்டுப் போகும். சேர்றதுதான் முக்கியம்னா சேன்-ஜான் போச்சு. நடக்கிறதுதான்னா சாரியா போச்சு.

முட்டியைப் பத்தியும் சொல்லிடறேன். எல்லாரும் ஏத்தத்தை நினைச்சுத்தான் பயப்படுவாங்க, காலைப் பதம் பார்க்கிறது இறக்கம். சேன்-ஜான்லருந்து முதல் நாளே 1,400 மீட்டருக்கு மேல உயரத்துக்கு ஏறி, ரொன்செஸ்வாய்யெஸுக்குச் செங்குத்தா இறங்கணும். அஸ்தோர்காவுல ஆரம்பிச்சா ரெண்டாம் மூணாம் நாள் க்ரூஸ் தெ ஃபெர்ரோ வரும், அந்த இரும்புச் சிலுவை 1,500 மீட்டர் உயரத்துல நிக்குது. ஏறுறது சுலபம். அதுக்கப்புறம் எல் அசேபோ தாண்டி மோலினசேகா வரைக்கும் உடைஞ்ச பாறை மேல இறங்குறது இருக்கே, 600 மீட்டர் உயரத்துக்கு வந்து நிக்கிறப்ப இளவட்டங்களே கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்காரும். முட்டி வலின்னு ஒருத்தர் சொன்னாலே அந்த இறக்கத்துக்கு மேற்கே ஆரம்பிக்கச் சொல்லிடுவேன்.

பொடிநடை

சுமைதாங்கி அக்கா, நேத்து ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன். "மலையெல்லாம் நீ தனியா வந்து ஏறிக்கோ. எனக்கு அந்தக் கோயில் வாசல்ல போய் நிக்கணும், அவ்வளவுதான்"னுட்டாங்க. அதனால சாந்தியாகோ முடிவாயிடுச்சு. சேன்-ஜான் இன்னொரு வருஷம்.

ஒரு சந்தேகம். நாங்க கிறிஸ்தவங்க இல்லை. அந்தச் சான்றிதழ் எங்களுக்குக் குடுப்பாங்களா?

கணக்குப்பிள்ளை

குடுப்பாங்க. எந்த மதம்னு கேக்க மாட்டாங்க, எதுக்காக நடந்தீங்கன்னுதான் கேப்பாங்க. பக்தி, ஆன்மிகத் தேடல்னு சொன்னா லத்தீன்ல எழுதின கொம்பொஸ்தெலா. சும்மா விளையாட்டுக்கு நடந்தேன்னா வேற ஒரு வரவேற்புச் சான்றிதழ். நடந்து வர்றவங்க குறைஞ்சது 100 கிலோமீட்டர், சைக்கிள்ல வந்தா 200. கிரெதென்சியால்னு ஒரு அட்டை வாங்கிக்கணும், போற வழியெல்லாம் முத்திரை. நாளுக்கு ரெண்டு முத்திரை விழணும். சர்ச், ஆல்பெர்கே (யாத்திரிகர் விடுதி), காபிக் கடைன்னு எங்க கேட்டாலும் குத்திடுவாங்க. கொம்பொஸ்தெலாவுக்குக் காசு கிடையாது. எத்தனை கிலோமீட்டர்னு தனியா எழுதித் தர்ற இன்னொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் யூரோ.

சாரியா ஏன் அவ்வளவு நெரிசல்னு இப்போ புரியுதா? 100 கிலோமீட்டருக்குச் சற்று முன்னாடி ரயில் நிக்கிற ஊர் அது. 2024-ல கொம்பொஸ்தெலா வாங்கினவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட 5 லட்சத்தைத் தொட்டுச்சு. மத்த எந்த ஊரையும் விட சாரியாவுலதான் அதிகம் பேர் கிளம்புறாங்க.

வடக்கு_வாசல்

யாரும் தொடாத ஒரு வழி சொல்றேன். ஆங்கிலேயர் பாதை. ஃபெர்ரோல் துறைமுகத்துலருந்து சாந்தியாகோவுக்கு சுமார் 120 கிலோமீட்டர். அந்தக் காலத்துல பிரிட்டன், அயர்லாந்துக்காரங்க கப்பல்ல வந்து இறங்கி நடந்த வழி. 6 நாள்ல நிதானமா சேர்ந்துடலாம். மிச்சம் 4 நாள் இருக்கில்ல? சாந்தியாகோவைத் தாண்டி ஃபினிஸ்தெர்ரே வரைக்கும் நடங்க. 90 கிலோமீட்டர் போல, அட்லாண்டிக் கடல்ல போய் முடியும். கூட்டமும் குறைவு, முழு யாத்திரை நடந்த திருப்தியும் உண்டு. 10 நாள் கச்சிதமா பொருந்துது பாருங்க.

கணக்குப்பிள்ளை

பொருந்துது, ஒத்துக்கிறேன். ஃபினிஸ்தெர்ரேலருந்து பஸ்ல சாந்தியாகோ திரும்பணும்ங்கிறதால புதன்கிழமை அதுல போயிடும். கையிருப்பு நாள் இல்லாமப் போயிடுமே.

வடக்கு_வாசல்

அது உண்மைதான். ஆனா அம்மாவுக்கு முடியலன்னா ஃபினிஸ்தெர்ரேயை அப்படியே விட்டுடலாமே. சாந்தியாகோ 6-வது நாளே கையில வந்துடும். போய்ச் சேரணும்ங்கிறவங்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

சுமைதாங்கி

வடக்கு_வாசல் சொல்றது நல்ல யோசனை. முட்டிக்காரங்க ரெண்டு பேருக்கு நானே சொல்லியிருக்கேன். ஒரே ஒரு குறை. தனியா வர்றவங்களுக்கு அந்த அமைதி பிடிக்கும். ஆனா பொடிநடை அம்மா முதல் தடவை வர்றாங்க. சாயங்காலம் ஆல்பெர்கே வாசல்ல காலை நீட்டி உட்கார்ந்து, மொழி தெரியாத நாலு பேரோட சைகையில பேசுற அந்தச் சுகம் சேன்-ஜான்லருந்து லியோன், சாரியா வழியா வர்ற பிரெஞ்சுப் பாதையிலதான் தினமும் கிடைக்கும். மத்தியானம் பாலத்துல பார்த்த முகத்தை மூணு நாள் கழிச்சு வேற ஊர்ல பார்க்கிறது, "அட நீங்களா"ன்னு கட்டிப்பிடிக்கிறது எல்லாம் அங்க சர்வசாதாரணம்.

போர்த்தோவைப் பத்தி யாரும் பேசலை, நானே சொல்லிடறேன். உள்வழியா சுமார் 240 கிலோமீட்டர், நாளுக்கு 24. பாதை பெரும்பாலும் சமதளம், அதுலயும் முட்டிக்கு நல்லது. ஆனா மாட்ரித்ல இறங்கி போர்த்தோ போறதுக்கு இன்னொரு விமானமோ நீளமான பஸ்ஸோ பிடிக்கணும். டிக்கெட் போர்த்தோவுக்குப் போட்டிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போ வேண்டாம்.

என் ஓட்டு வில்யாஃப்ராங்கா தெல் பியெர்சோ.

பொடிநடை

அந்தப் பேரே இப்போதான் கேள்விப்படறேன். ஏன் அங்க?

சுமைதாங்கி

பொன்ஃபெராதாலருந்து ஒரு நாள் நடைதான், 24 கிலோமீட்டர். அங்கிருந்து சாந்தியாகோ 190-க்குக் கொஞ்சம் குறைவு. மோலினசேகா இறக்கம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். பேருக்கு 100 கிலோமீட்டர் நடந்தோம்னு இல்லாம, சாந்தியாகோ இருக்கிற கலீசியா மாகாணத்துக்குள்ள மலை ஏறியே நுழைவீங்க. உங்க பிரனீஸ் ஆசைக்கும் கொஞ்சம் ஈடு.

ஊருக்குள்ள நுழையறப்பவே புனிதர் சாந்தியாகோ (யாக்கோபு) பேர்ல ஒரு பழைய சின்ன சர்ச். அதோட வடக்கு வாசலுக்கு மன்னிப்பு வாசல்னு பேர். நோய்வாய்ப்பட்டு மேல நடக்க முடியாத யாத்திரிகர் அந்த வாசல் வரைக்கும் வந்துட்டாலே சாந்தியாகோ போய்ச் சேர்ந்த பலன்னு அந்தக் காலத்துல சலுகை குடுத்திருந்தாங்க. புனித ஆண்டுலதான் திறப்பாங்க. ஜூலை 25 ஞாயித்துக்கிழமை வந்தா அது புனித ஆண்டு, அடுத்தது 2027. நீங்க போறது அதுக்கு முன்னன்னா வாசல் மூடித்தான் இருக்கும், ஆனா வெளிய நின்னு பார்த்துட்டு அங்கிருந்து நடக்க ஆரம்பிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

பிரிச்சுப் பார்த்துட்டேன், 10 நாளுக்கு அச்சு அசலா வருது.

ஞாயிறு: லாஸ் எர்ரெரியாஸ், 20. வல்கார்சே ஆத்தை ஒட்டின வழி, பெரும்பாலும் லேசான ஏத்தம்.
திங்கள்: ஓ செப்ரெய்ரோ ஏறி ஃபொன்ஃப்ரியா, 20. பெரிய ஏத்தம் முதல் 8 கிலோமீட்டர்லயே முடிஞ்சிடும், சுமார் 600 மீட்டர்.
செவ்வாய்: சமோஸ், 19.
புதன்: சாரியா, 15.
வியாழன்: போர்த்தோமரின், 22.
வெள்ளி: லிகோந்தே, 17.
சனி: மெலிதே, 23.
ஞாயிறு: அர்சூவா, 14.
திங்கள்: ஓ பெத்ரூசோ, 19.
செவ்வாய்: சாந்தியாகோ, 20.

ரெண்டு விஷயம் கவனிங்க. சாரியாவுக்குச் சனி, ஞாயிறுலதான் நிறைய பேர் வந்து இறங்குவாங்க. நீங்க வியாழக்கிழமையே அந்த ஊரை விட்டுக் கிளம்பிடறீங்க. பெரிய அலைக்கு முன்னாடி இருப்பீங்க. அடுத்து, வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் போர்த்தோமரின்லருந்து நேரா பாலாஸ் தெ ரெய்னு 25 கிலோமீட்டர் போடும், கூட்டமும் அங்கதான் தங்கும். நான் லிகோந்தேல நிறுத்தியிருக்கேன். சின்ன ஊர், படுக்கை கம்மி. ஆனா அங்க நிறுத்துறவங்களும் கம்மி.

மலைப்பாதை

சரி, இது சாரியா யாத்திரை இல்லைன்னு நானும் ஒத்துக்கிறேன். ஓ செப்ரெய்ரோல அந்தச் சின்ன சர்ச்சுக்குள்ள கட்டாயம் போங்க. வழி நெடுகப் பார்க்கிற மஞ்சள் அம்புக்குறி இருக்கே, அதை 1980-கள்ல வரைய ஆரம்பிச்சவர் அந்த ஊர் பாதிரியார் எலியாஸ் வலின்யா. பாதையே மறந்து போயிருந்த காலம் அது. சாலைக்கு அடிச்சு மிச்சமான மஞ்சள் பெயிண்டை வண்டியில போட்டுக்கிட்டு மரம், கல், சுவர்னு வரைஞ்சுக்கிட்டே போனாராம். வெளிய அவர் மார்பளவு சிலை இருக்கு. நாம பிரெஞ்சுப் பாதை, ஆங்கிலேயர் பாதைன்னு இங்க சண்டை போடறோமே, அவர் இல்லைன்னா சண்டை போடப் பாதையே இருந்திருக்காது.

போர்த்தோமரின்லயும் கொஞ்சம் நில்லுங்க. 1960-கள்ல அணை கட்டினப்ப பழைய ஊர் தண்ணியில மூழ்கிடுச்சு. சர்ச்சைக் கல் கல்லாப் பிரிச்சு மேட்டுல கொண்டு போய்க் கட்டினாங்க. அடையாளத்துக்குப் போட்ட எண் சில கல்லுல இன்னும் இருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா தெரியும்.

பொடிநடை

அம்மாகிட்ட பட்டியலைப் படிச்சுக் காட்டினேன். 15-ம் 14-ம் வர்ற நாளைப் பார்த்துட்டு "இந்த ரெண்டு நாளும் எனக்குன்னே போட்டாப்ல இருக்கு"ன்னு சிரிக்கிறாங்க. வில்யாஃப்ராங்கா முடிவு. போய்ச் சேர்றது எப்படி? இன்னொண்ணு, திங்கள்கிழமை ஏத்தத்துல அம்மா பை தூக்கணுமா?

வடக்கு_வாசல்

மாட்ரித் விமான நிலையத்துல டி4 முனையத்துலருந்தே வடமேற்குப் பக்கம் ஆல்சா பஸ் போகுது, நகரத்துக்குள்ள போக வேண்டாம். இல்லைன்னா சமார்த்தின் நிலையத்துலருந்து பொன்ஃபெராதாவுக்கு ரயில். அங்க இறங்கி டாக்சி பிடிச்சா அரை மணி நேரத்துல வில்யாஃப்ராங்கா. விமானம் தாமதமாகலாம், அதனால நேரம் மாத்திக்கக் கூடிய டிக்கெட்டா வாங்குங்க.

சுமைதாங்கி

பை தூக்க வேண்டாம். ஸ்பெயின் தபால் துறையே அடுத்த ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்துடும், தனியாரும் உண்டு. ஒரு நாளைக்குச் சில யூரோதான். பை மேல அடுத்த தங்குமிடத்தோட பேர் எழுதி காலையில வாசல்ல வச்சுட்டுக் கிளம்பலாம். ஆனா அரசாங்க ஆல்பெர்கேக்கு அனுப்ப முடியாது, தனியார் இடம் பாருங்க. அரசாங்க ஆல்பெர்கேல முன்பதிவும் கிடையாது, முதல்ல வர்றவங்களுக்குத்தான் படுக்கை. 64 வயசு அம்மாவை வரிசையில நிக்க வைக்காதீங்க.

தடி ரெண்டு கட்டாயம். செவ்வாய்க்கிழமை ஃபொன்ஃப்ரியாலருந்து த்ரியாகஸ்தேலா வரைக்கும் 600 மீட்டருக்கு மேல இறங்கணும். இந்தத் திட்டத்துல முட்டியை அதிகமா சோதிக்கிற இடம் அதுதான். காலையில சீக்கிரம் கிளம்பி இருட்டுல இறங்காதீங்க. செப்டம்பர் கடைசியில கலீசியாவுல விடியவே எட்டு மணிக்கு மேல ஆகும்.

பரிஸ்_பொடியன்

தங்கச்சி, இந்தியாவில இருந்து எண்டால் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடப் பதிவு கேப்பினம். நடக்கிற 10 நாளுக்கும் இடம் முதலே பிடிச்சு வைக்கிறது ஒரு வகையில நல்லதாப் போச்சு, கணக்குப்பிள்ளையின்ர பட்டியலை அப்பிடியே வச்சுப் பதிவு செய்யுங்கோ. ரத்துச் செய்யக்கூடிய இடமாப் பாருங்கோ. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

பிறகு, சாந்தியாகோவில கோயிலுக்குள்ள முதுகுப் பையோட விட மாட்டினம். முதல்ல பையை அறையில வச்சிட்டுப் போங்கோ. அந்தப் பெரிய தூபக்கலசத்தை ஒவ்வொரு நாளும் ஆட்டிறேல்லை, அம்மாவிட்ட முதலே சொல்லி வையுங்கோ. மத்தியானம் 12 மணிப் பூசைக்குக் கனக்க சனம் வரும். புதன்கிழமை உங்களுக்கு வேலை இல்லைத்தானே, 11 மணிக்கே போய் இருந்தால் இடம் கிடைக்கும்.

பொடிநடை

எல்லாத்தையும் குறிச்சு வச்சுட்டேன். கடைசியா ஒண்ணு. த்ரியாகஸ்தேலால வழி ரெண்டாப் பிரியுதாமே? சமோஸ் வழி 25 கிலோமீட்டர், சான் சில் வழி 18-னு போட்டிருக்கு. குறைஞ்ச வழியில போனா ஒரு நாள் மிச்சமாகாதா?

கணக்குப்பிள்ளை

ஆகாது. சான் சில் வழியில போகணும்னா செவ்வாய் ராத்திரி த்ரியாகஸ்தேலாலயே தங்கணும், அன்னைக்கு 9 கிலோமீட்டர்தான் நடந்திருப்பீங்க. புதன்கிழமை 18. எப்படிப் போனாலும் புதன் சாயங்காலம் சாரியாலதான் இருப்பீங்க. சமோஸ்ல 6ஆம் நூற்றாண்டுல தொடங்கின மடம் இருக்கு, பாதையும் ஆத்தங்கரையோட நிழல்ல போகும். நான் சமோஸ்தான் போவேன்.

மலைப்பாதை

சான் சில் வழியிலதான் காட்டுக்குள்ள நல்ல ஏத்தம் இருக்கு.

சுமைதாங்கி

மலைப்பாதை, முட்டின்னு ஒண்ணு இருக்குங்கிறதை மறந்துட்டீங்களா? பொடிநடை, சமோஸ் போங்க. செவ்வாய் அன்னைக்கு முட்டி வீங்கியிருந்தா மட்டும் த்ரியாகஸ்தேலாலயே நின்னுடுங்க, புதன்கிழமை சாரியாவுக்கு டாக்சி பிடிங்க. அது 100 கிலோமீட்டர் கணக்குக்கு முன்னாடி வர்ற இடம், கொம்பொஸ்தெலாவுக்குப் பாதகம் இல்லை. சாரியா தாண்டினதுக்கு அப்புறம் வண்டியில ஏறாம இருந்தா போதும்.